விலை கேட்பவருக்குக் கட்டணமில்லை

போன மாதம் தர்ஷினி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் யாழ்ப்பாணப் பணிமனையின் விற்பனையாளர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். சுகம் விசாரிக்கவும் பொறுமையில்லாமல், "நிர்மலாக்கா, ஒரு புதினம். விக்கிறவைக்கு இனிக் கட்டணம் ஒண்டுமில்லையாம்" என்றாள்.

"ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லை. சாமானைப் போடுறதுக்கும் இல்லை, வித்தாலும் இல்லை. எல்லாம் வாங்கிறவையின்ரை தலையிலை. புதுசா வந்த பிள்ளையள் கேக்கினம், முந்தி உந்தக் கட்டணமெல்லாம் எப்பிடித்தான் சனத்துக்குச் சொன்னனீங்கள் எண்டு. நீங்கள் ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

சரியென்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்தேன். பதிவுக் கட்டணம், அடிவிலைக் கட்டணம், விற்பனைத் தரகு, விலக்கல் கட்டணம் என்று வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் மறக்கவில்லை. எத்தனையோ வருடங்கள் காலை தொடக்கம் மாலை வரை அந்த நான்கையும் சொல்லித்தான் நான் சோறு தின்றேன். ஆனால் அவற்றைச் சொல்லிப் பார்க்கும்போது கட்டணங்கள் நினைவுக்கு வரவில்லை. அவற்றைக் கேட்டுவிட்டு மறுமுனையில் மௌனமாகிப்போகும் மனிதர்கள்தான் வந்தார்கள். அவர்களுக்குள்ளும் முதலில் வந்தவர் குருநகர் அந்தோனிப்பிள்ளை அண்ணை.

அவரிடம் வருவதற்கு முன் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

போர் முடிந்து பாதை திறந்தபின் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் யாழ்ப்பாணத்துக்கு வந்து கடை விரித்த காலத்தில், இணையத்தில் ஏலம் நடத்தும் எங்கள் கம்பனியும் நகரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தது. அப்போது எனக்கு நாற்பது கடந்திருந்தது. அதற்கு முன் புடவைக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி கனடாவுக்குப் போக, கடை கைமாற, எனக்கு வேலை இல்லை. உடுவில் மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலம் கைகொடுத்தது. கொழும்பில் சில நாள் பயிற்சி, தடித்த ஓர் ஆங்கிலப் புத்தகம், காதில் மாட்டும் ஒரு கருவி. இவ்வளவோடு வடபகுதிச் சனத்துக்குத் தமிழில் விளக்கம் சொல்ல என்னை இருத்திவிட்டார்கள்.

கணினித் திரையில் நடப்பதும் ஏலந்தான். விற்பவர் பொருளின் படத்தைப் போடுவார். ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளைக்கு, யாரும் விலை கேட்கலாம். நேரம் முடியும்போது கூடக் கேட்டவருக்குப் பொருள். பொருளைப் போடும்போது ஒரு சிறு தொகை எடுப்போம். அது பதிவுக் கட்டணம். இந்த விலைக்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று விற்பவர் இரகசியமாக ஒரு விலையைக் கட்டி வைத்தால் அதற்கு ஒன்று. அது அடிவிலைக் கட்டணம். விற்றுவிட்டால் விலையில் ஒரு பங்கு தரகு. பலர் விலை கேட்டபிறகு மனம் மாறிப் பொருளை எடுத்துக்கொள்வதென்றால் விலக்கல் கட்டணம். வாங்குபவர் ஒரு சதமும் தரவேண்டியதில்லை.

இதை எப்படிச் சொல்வது என்பதை எனக்குப் பழக்கியவர் எங்கள் மேலதிகாரி. நாங்கள் அவரைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. உடுப்பிட்டி ஆள். வங்கியொன்றின் அடகுப் பகுதியில் நெடுங்காலம் இருந்து, மீட்கப்படாத நகைகளை ஏலத்தில் விட்டு, அங்கிருந்து ஓய்வு பெற்று எங்கள் கிளைக்குப் பொறுப்பாக வந்தவர். நெற்றியில் மெல்லிய விபூதி. சட்டைக் கை எப்போதும் முழங்கைவரை மடித்திருக்கும். யாரையும் அதட்டிக் கதைத்து நான் கேட்டதில்லை. மனம் கோணினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். நாங்கள் அதைப் பார்த்துத் திருந்திக்கொள்வோம்.

நான் சேர்ந்த புதிதில் ஒருவர் இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றை விற்க வேண்டுமென்று தொலைபேசி எடுத்தார். "எவ்வளவு கழிப்பியள்?" என்று கேட்டார். முதல் இவ்வளவு ரூபாய்க்கு நூற்றுக்கு இத்தனை, அதற்கு மேலே நூற்றுக்கு இத்தனை என்று புத்தகத்தில் இருந்தபடி ஒப்புவித்தேன். அவர் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "நிர்மலா, நீர் அந்த மனிசனிட்டை மெசினைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே."

"அவர் கட்டணத்தைத்தானே சேர் கேட்டவர்."

"கட்டணத்தைக் கேக்கிறது பயத்திலை. முதல் சாமானைக் கேளும். எத்தினை வருசம் வைச்சிருந்தனீங்கள், ஏன் விக்கிறியள் எண்டு கேளும். ஆள் கதைப்பார். பிறகு, உங்கடை கையிலை மிஞ்சிறது இவ்வளவு எண்டு ரூபாயிலை சொல்லும். நூற்றுக்கு இத்தினை எண்டு சொன்னால் சனத்துக்குத் தாங்கள் இழக்கிறதுதான் கண்ணிலை நிக்கும்."

அவரே அந்த ஆளைத் திருப்பி எடுத்தார். உழவைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் நெடுநேரம் கதைத்தார். கடைசியில் ஒரு தொகையைச் சொன்னார். உழவு இயந்திரம் அந்தக் கிழமையே ஏலத்துக்கு வந்தது. ஓர் அழைப்பை இத்தனை நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும் என்று கொழும்பிலிருந்து அடிக்கடி சொல்வார்கள். சேர் "ஓம், ஓம்" என்பார். எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார்.

சேர் இப்போது மெல்பேணில் மகளோடு இருக்கிறார். மனைவி காலமானபின் தனியே சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. வருடத்தில் ஒருமுறை, நத்தார்ப் பண்டிகைக்கு, எனக்கு எடுப்பார். "நிர்மலா, நீர் சுகமோ?" என்பார். என்னை "நீர்" என்று கூப்பிட இப்போது வேறு யாரும் இல்லை. நான் கலியாணம் கட்டவில்லை, அம்மாவும் போய்விட்டா. மார்கழி தொடங்கினால் தொலைபேசியைக் குசினிக்கும் கொண்டுபோகிறேன், கிணற்றடிக்கும் கொண்டுபோகிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

அந்தோனிப்பிள்ளை அண்ணையின் கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் குருநகரிலிருந்து அவருடைய மனைவி பிலோமினா அக்கா பணிமனைக்கே வந்தா. அறுபதை நெருங்கும் வயது, கழுத்தில் செபமாலை, கையில் கைத்தொலைபேசி. அதில் ஒரு போட் எஞ்சினின் படங்கள் இருந்தன. பழைய எஞ்சின்தான். ஆனால் பித்தளைப் பகுதியெல்லாம் பளபளவென்று துடைத்திருந்தது.

சேர் பழக்கியபடி சாமானைக் கேட்டேன்.

"அவரின்ரை எஞ்சின், பிள்ளை. கடலிலை வைச்சு மனிசனுக்கு மாரடைப்பு வந்திட்டுது. பக்கத்து வள்ளக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தவை. இனித் தொழிலுக்குப் போகவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஆள் தலையை ஆட்டுவார். ஆனால் விடிய எழும்பினால் எஞ்சினடியிலைதான் நிக்கிறார். அது வீட்டிலை இருக்கும்வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை."

"அண்ணைக்குச் சம்மதமோ?"

"ஓம் எண்டவர். வந்திருக்கிறார், கீழை நிக்கிறார். மேலை ஏறி வாங்கோவன் எண்டன், ஏலாதாம்."

யன்னலால் பார்த்தேன். சாரமும் சேட்டும் அணிந்த உயரமான ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவின் பெயரில் ஏலத்தைத் திறந்து கொடுத்தேன். எங்கள் தளத்தில் விற்பவரின் உண்மைப் பெயர் வெளியே தெரியாது. ஒரு புனைபெயர்தான் தெரியும். அக்கா தன் மகளின் செல்லப்பெயரைக் கொடுத்தா. அந்தப் பெயர் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும்.

இரண்டொரு நாள் கழித்துத் தொலைபேசியில் ஒரு குரல் வந்தது. காற்று இரைந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, உதிலை விலை கேக்கிறதுக்குக் காசு கட்டவேணுமோ?"

"இல்லை அண்ணை. கேக்கிறவைக்கு ஒண்டுமில்லை."

"எத்தினை தரம் கேட்டாலும்?"

"எத்தினை தரம் கேட்டாலும்."

"அப்ப காரியமில்லை." ஆறுதலாக மூச்சு விட்டது கேட்டது. எந்தப் பொருளுக்கு என்று கேட்டேன். எஞ்சினின் ஏல இலக்கத்தைச் சொன்னார். எப்படி அழுத்துவது என்று விளக்கினேன். நன்றி சொன்னவர், வைக்காமல் நின்றார்.

"தங்கச்சி, விக்கிற ஆளிட்டை எவ்வளவு எடுப்பியள்?"

வாங்குபவர்கள் அதைக் கேட்பதில்லை. அன்றைய விலைக்கு விற்பவரின் கையில் மிஞ்சுவதை ரூபாயில் சொன்னேன்.

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு, "அப்ப நீங்கள் கழிக்கிற காசு அவளுக்கு நட்டம், என்ன" என்றார். வைத்துவிட்டார்.

அவளுக்கு! எங்கள் தளத்தில் அந்த எஞ்சினை விற்பது ஒரு பெண் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். சேருக்குத் தெரியும். கீழே சைக்கிளோடு நின்றவருக்குத் தெரியும்.

அந்தக் கிழமை எஞ்சின் விலை ஏறிக்கொண்டே போனது. இரண்டே பேர்தான் போட்டி. ஒருவர் தொண்டைமானாற்றில் ரூபன் என்ற இளம் தொழிலாளி. மற்றவருடைய முகவரி குருநகரில் பிலோமினா அக்காவின் அதே ஒழுங்கை. அக்கா சந்தோசத்தில் எனக்கு எடுப்பா. "பிள்ளை, பாத்தியளே, திரும்பவும் ஏறியிருக்கு! இவ்வளவு பெறுமதியெண்டு எனக்குத் தெரியாது." நான் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பேன். யார் கேட்கிறார்கள் என்று சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.

விற்பவரின் வீட்டிலிருந்து விலை கேட்கக்கூடாது என்பது எங்கள் விதிகளில் கடுமையானது. கண்டுபிடித்தால் அந்த விலைகளை அழித்து, விற்பவருக்குக் காரணத்தை அறிவித்து, இருவருடைய கணக்கையும் மூடிவிடவேண்டும். இப்படிக் கேட்பவர்கள் பொருளின் விலையை ஏமாற்றி ஏற்றுகிறவர்கள் என்றுதான் புத்தகம் சொன்னது. புருசன் தன் எஞ்சினைத் தானே வாங்கப் பார்ப்பான் என்று அதை எழுதியவர்கள் நினைக்கவில்லை.

சேரிடம் சொன்னேன். திரையை நெடுநேரம் பார்த்தார்.

"அறிவித்தலை இப்ப அனுப்பவேண்டாம். முதல் ஆளைக் கூப்பிடுவம்."

அந்தோனிப்பிள்ளை அண்ணை அடுத்தநாள் மத்தியானம் வந்தார். இம்முறை படியேறி வந்தார். ஏறியதில் மூச்சு வாங்கியது. சேர் எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். தர்ஷினி பிளேன்ரீ கொண்டுவந்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"நான் அவளை ஏமாத்தேல்லை ஐயா," என்றார். "காசு முழுக்கக் குடுத்துத்தான் எடுக்கப் பாத்தனான். மச்சான் தாறன் எண்டவன். எடுத்து அவன்ரை வளவிலை மூடி வைப்பம் எண்டு."

"ஓட்டவோ?"

"இல்லை. ஓட்டமாட்டன். அது கரையிலை இருக்குதெண்டு தெரிஞ்சால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

 அண்ணை கைகளைப் பார்த்தபடி தொடர்ந்தார். "ஒவ்வொருக்காலும் இதோடை விடுவம் எண்டுதான் நினைக்கிறன். ஆரோ ஒருத்தன் ஆயிரம் ஏத்துவான். ஏத்தினவுடனை, அவன் என்ரை வள்ளத்திலை நிண்டு எஞ்சினைக் கழட்டிற மாதிரி இருக்கும். விரல் தன்ரை பாட்டிலை அமத்திப்போடும்."

"அண்ணை," என்றார் சேர். "அங்காலை கேக்கிறவனும் கடல் தொழில் செய்யிற பெடியன்தான். நீங்கள் ஏத்த ஏத்த அவனும் ஏத்திறான். அவன்ரை வீட்டிலையும் ஒரு மனிசி இருப்பா, என்ன?"

அண்ணை நிமிர்ந்தார். அதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அவளுக்குச் சொல்லப்போறியளோ?"

"நாங்கள் சொன்னால் அது அறிவித்தல். நீங்கள் சொன்னால் வீட்டுக்கதை. ஏலம் வெள்ளிக்கிழமை முடியுது. அதுக்கு முன்னம் நீங்கள் சொல்லுங்கோ. சொன்னவுடனை நீங்கள் கேட்ட விலையெல்லாத்தையும் அழிப்பம்."

அண்ணை ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். சேர் படி முடியும்வரை கூடவே இறங்கிப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பிலோமினா அக்கா எடுத்தா. குரல் கம்மியிருந்தது.

"பிள்ளை, இந்த மனிசன் எல்லாத்தையும் சொல்லிப்போட்டார்."

"ஓம் அக்கா."

"உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

"விலை ஏறுது, விலை ஏறுது எண்டு நான் அவருக்கே போய்ச் சொன்னனான். ஓமோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்." சிரித்தா. சிரிப்பு பாதியில் அழுகையாகியது. நான் காத்திருந்தேன். அழுகிறவர்களிடம் சேர் ஒருபோதும் "அழாதேங்கோ" என்று சொன்னதில்லை.

பிறகு கேட்டா: "இப்ப ஏலத்திலையிருந்து எடுத்தால் எவ்வளவு கழிப்பியள்?"

சொன்னேன்.

"வித்தால்?"

அவருடைய விலைகளை அழித்தால் எஞ்சின் எவ்வளவுக்கு இறங்கும், அதில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று சொன்னேன்.

"அப்ப வைச்சிருந்தாலும் காசு, வித்தாலும் காசு."

"ஓம் அக்கா."

 தூரத்தில் கோயில் மணி கேட்டது.

"வில்லுங்கோ பிள்ளை," என்றா. "அவர் எனக்கு உயிரோடை இருக்கவேணும். என்னோடை கோவிச்சுக்கொண்டெண்டாலும் இருக்கட்டும்."

விலைகளை அழித்தோம். கொழும்பிலிருந்து காரணம் கேட்டார்கள். "வீட்டுக்குள்ளை வந்த குழப்பம். தீர்ந்திட்டுது. கணக்கை மூடத் தேவையில்லை" என்று சேர் சொல்லி வைத்துவிட்டார். எஞ்சின் ரூபனுக்குப் போனது.

பெரிய பொருட்கள் கைமாறும்போது எங்களில் ஒருவர் நேரில் நிற்பது வழக்கம். நான் குருநகருக்குப் போனேன். எஞ்சினை வேறு யாரும் தொட அண்ணை விடவில்லை. தானே துணி சுற்றி, தானே கயிறு கட்டினார். தூக்க மட்டும் ரூபனைக் கூப்பிட்டார். டொக்டர் சொன்னது நினைவிருந்தது போலும். வாகனத்தில் ஏற்றிய பிறகும் பெடியனை விடவில்லை.

"மண்ணெண்ணெயை வடிச்சு விடு தம்பி. முதல் இழுப்பிலை வராது. கோவிச்சுக்கொண்டு பலமா இழுக்காதை. கொஞ்சம் நிண்டு, பேந்து இழு. வந்தாப் போலை உடனை விரட்டாதை. அது முதல் தனக்குள்ளை கதைக்கும். கதைக்க விடு."

ரூபன் "ஓம் அண்ணை" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அக்கா கதவுநிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. வாகனம் போனபிறகு அண்ணை கொஞ்சத் தூரம் அதன் பின்னால் நடந்தார். ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்றார். நான் போய் வருகிறேன் என்று சொன்னதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

எங்கள் வேலை அதோடு முடிந்தது. தரகு எடுத்தாயிற்று, மிச்சம் அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. ஆனால் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு அக்கா மறுபடி எடுத்தா.

"பிள்ளை, அந்தத் தொண்டைமானாற்றுப் பெடியன்ரை நம்பர் எனக்கு வேணும்."

"ஏன் அக்கா, காசிலை ஏதும் பிழையோ?"

"இல்லை. இவர் கோவிக்கவும் இல்லை பிள்ளை, அதுதான். கோவிச்சாலும் பரவாயில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். படுக்கச் சொன்னால் படுப்பார். கடல் பக்கத்து யன்னலைச் சாத்திப்போட்டார். நான் திறந்து விட்டால் எழும்பி வந்து சாத்துவார். எனக்கு அதைப் பாக்க ஏலாமல் கிடக்கு. அந்தப் பெடியன் ஒருக்கா, ஒரே ஒருக்கா இவரை ஏத்திக்கொண்டு போவானோ எண்டு கேக்கவேணும். கரை தெரியிற தூரத்துக்குள்ளை."

விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் இலக்கம் கொடுப்பதற்கும் விதி இருந்தது. வாங்கியவரின் சம்மதம் வேண்டும். சேர் தானே ரூபனை எடுத்தார். அவர் கேட்டு முடிக்க முன்னமே அந்தப் பக்கத்தில் பதில் வந்திருக்க வேண்டும். சேரின் முகம் மலர்ந்தது. "நம்பரைக் குடும்," என்றார் என்னிடம். "அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். எஞ்சினும் சில வேளை முரண்டு பிடிக்குதாம், வந்து பாத்தால் நல்லதாம்."

ஒரு சனிக்கிழமை முற்பகல். சனிக்கிழமைகளில் அழைப்புகள் குறைவு. தர்ஷினி ஏதோ ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். சேர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, கேக்குதோ?"

முதலில் காற்று. பிறகு எஞ்சின் சத்தம். படபடவென்று தொடங்கி, ஒரே சீராகி, நீண்டு போய்க்கொண்டிருந்தது.  அண்ணை தொலைபேசியை எஞ்சினுக்கு நேரே பிடித்திருக்க வேண்டும். நான் சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். சேர் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்து வந்தார். தர்ஷினியும் வந்தாள். பக்கத்து மேசையில் இன்னொரு தொலைபேசி அடித்தது. தர்ஷினி திரும்பப் போனாள். சேர் கையைக் காட்டி மறித்தார். அது அடித்து ஓய்ந்தது.

பிறகு எஞ்சின் சத்தத்துக்கு மேலால் ரூபன் கத்துவது கேட்டது. "அக்கா, காணுமோ? கரைக்குத் திருப்பட்டோ?"

அப்போதுதான் பிலோமினா அக்காவும் வள்ளத்தில் இருக்கிறா என்று எங்களுக்கு விளங்கியது. கடல்காரனைக் கட்டி, கடல்காரனோடு வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அக்கா அதுவரை ஒருநாளும் வள்ளத்தில் ஏறியதில்லை என்று பின்னொருநாள் எனக்குச் சொன்னா.

ரூபன் இரண்டாந்தரமும் கேட்டான்.

"திருப்பாதை தம்பி," என்றா அக்கா. "அவர் கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்சத் தூரம் விடு."